கே.கே. நகர் என்றால் எந்த ஊர்?

பழைய காருக்குப் புதிய வழிகாட்டித் திரை மாட்டக் கிளம்பியிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்து வயதைத் தாண்டிய வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, இண்டிகா வைத்திருக்கும் அன்பர்களே,

உங்கள் வண்டிகள் மீது யாருக்கும் புகார் இல்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, எஃப்சி எடுத்தாகிவிட்டது, போன மாதம்தான் டயரும் மாற்றியிருக்கிறீர்கள். வீட்டில் சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு மாப்பிள்ளையின் காரில் பெரிய ஸ்கிரீன் இருக்கிறது. "அம்மா வீட்டுக்குப் போ" என்று சொன்னால் அது போகிறது. நம் காரில் எஃப்எம் பாடுகிறது. வழி பார்க்க ஏசி வென்ட்டில் கிளிப் போட்டுச் சொருகிய போன் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு வேகத்தடையிலும் கியர் லிவருக்கு அடியில் போய் விழும், குனிந்து எடுக்க வேண்டும்.

ஆகவே போனஸ் வந்ததும் சென்னைக்காரர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும், மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் கார் அலங்காரக் கடைக்கும் கிளம்புவார்கள். அங்கே நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கடைக்காரர் ஒன்பது அங்குலத் திரையைப் போட்டு, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஒரு பாட்டு வீடியோவை ஓடவிடுவார். நிறம் கண்ணைப் பறிக்கும். பிறகு பத்து அங்குலத்தைக் காட்டுவார். "ரேம் நாலு ஜிபி சார், எட்டும் இருக்கு." வாங்க வந்தவர் விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்ப்பார், விலையில் ஐந்நூறு குறைப்பார், வண்டியை உள்ளே விடுவார். அந்த அரை மணி நேரத்தில் அந்தச் செட்டிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். கை வைக்காமல் குரலால் இயக்கலாம் என்று நம்பித்தானே வந்தது?

பேசிப் பாருங்கள். "கே.கே. நகர் போகணும்" என்று சொல்லுங்கள். கே.கே. நகர் சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று, திருச்சியில் ஒன்று. நல்ல செட் என்றால் பக்கத்தில் இருப்பதை முதலில் காட்டிவிட்டு மற்றவற்றையும் பட்டியலில் வைக்கும். மோசமானது நேராகத் திருச்சிக்குக் கோடு போட்டுவிட்டு "ஐந்தரை மணி நேரம்" என்று சொல்லும். அடுத்து "எழும்பூர் ஸ்டேஷன்" என்று சொல்லுங்கள், அதையே "எக்மோர்" என்றும் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே இடம் வருகிறதா? திருவல்லிக்கேணி, ட்ரிப்ளிகேன், தூத்துக்குடி, டூட்டிகொரின், உதகமண்டலம், ஊட்டி. வெள்ளைக்காரன் வாயில் ஒன்றும் நம் வாயில் ஒன்றுமாக இரட்டைப் பெயரோடு வாழும் ஊர்கள் இங்கே ஏராளம். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. எழுத்துக்கூட்டலில் எழுந்த கேலியும் குழப்பமும் தாங்காமல் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அரசுக்கே முடிவு செய்ய முடியாத விஷயத்தை எட்டாயிரம் ரூபாய் செட் சரியாகப் புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எவ்வளவு தூரம் புரிந்துகொள்கிறது என்று பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலும் புரிந்துகொள்வது செட் அல்ல, உங்கள் போன்.

கடையில் "ஆண்ட்ராய்டு செட்" என்று சொல்வது ஒன்று, "ஆண்ட்ராய்டு ஆட்டோ" என்பது வேறு. பெயர் ஒட்டியிருப்பதால் ஏமாந்தவர்கள் நிறைய. ஆண்ட்ராய்டு செட் என்பது டேஷ்போர்டில் பதித்த ஒரு டேப்லெட். அதில் தனியாகக் கூகுள் மேப்ஸ் இறக்கலாம், யூடியூப் பார்க்கலாம், ஆனால் அதற்கு இன்டர்நெட் வேண்டும். ஒவ்வொரு முறையும் போனில் ஹாட்ஸ்பாட் போட வேண்டும், இல்லையென்றால் தனி சிம். குரலைப் புரிந்துகொள்ளவும் அதே இன்டர்நெட்தான். ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேயும் வேறு வகை. இரண்டும் 2014-இல் அறிவிக்கப்பட்டவை. அவற்றில் மூளை முழுக்கப் போனில் இருக்கும். காரில் இருப்பது கண்ணாடியும் ஒலிபெருக்கியும் மைக்கும்தான். போனை மாற்றினால் காரும் புதிதாகிவிடும். பத்து வருட வண்டியில் இன்னும் ஐந்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு இதுவே நல்லது என்பது இந்த மடலை எழுதுபவரின் கட்சி. பயோனியர், சோனி, கென்வுட் போன்ற பெயருள்ள நிறுவனங்களின் செட்டுகள் பார்க்கச் சாதாரணமாக, ஏழு அங்குலத்தில், யூடியூப் இல்லாமல் இருக்கும், விலையும் கூட. ஆனால் ஸ்டீயரிங்கில் பேச்சு பட்டனை அழுத்தினால் அந்த நொடியே "ம்" கொட்டும்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு செட்டுகளிலும் கார்ப்ளே, ஆட்டோ இரண்டும் உண்டு என்பார் கடைக்காரர். பொய்யில்லை. பலவற்றில் இஸட்லிங்க் என்ற ஒரு செயலி அந்த வேலையைச் செய்யும். வேலை செய்கிறவரை நன்றாகவே செய்யும். உங்கள் சொந்த போனை இணைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, நடுவில் ஒரு அழைப்பு வரச்செய்து, அழைப்பு முடிந்ததும் வழி சொல்லும் குரல் தானாகத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். கடைக்காரரின் போனில் வேலை செய்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். செட்டிங்ஸ் பக்கத்தில் "ஆண்ட்ராய்டு 13" என்று எழுதியிருப்பதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். அந்த எண்ணை மென்பொருளில் மாற்றி எழுதலாம், எழுதுகிறார்கள். சிபியு-இஸட் மாதிரி ஒரு இலவசச் செயலியை இறக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது என்ன என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இனி மைக். இந்த மடலில் ஒரே ஒரு பத்தியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதைக் கத்தரிக்கவும். திரையின் ஓரத்தில், சட்டத்துக்குள், குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் "மைக்" என்று போட்டிருக்கும். அதுதான் காது. இப்போது உங்கள் டேஷ்போர்டைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் திரை வரும் இடத்துக்கு இரு பக்கமும் அல்லது நேர் மேலே ஏசி வென்ட். சித்திரை வெயிலில் புளோயரை மூன்றில் வைத்து ஓட்டும்போது அந்தக் காற்று நேராக அந்தத் துளையின் வாயில்தான் ஊதும். நீங்கள் "வீட்டுக்குப் போ" என்று சொல்வது அதற்குப் புயலுக்கு நடுவில் யாரோ முனகுவது மாதிரி கேட்கும். கத்துவீர்கள். பின்சீட்டில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும், செட் எழாது. இதற்கு மருந்து, செட்டோடு கொடுக்கும் (கொடுக்காவிட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்) வெளி மைக். நீண்ட வயரோடு வரும் சிறு பொட்டு அது. அதை ஸ்டீயரிங் தண்டின் மேலோ, ஓட்டுநர் தலைக்கு மேலே சன்வைசர் ஓரத்திலோ வைக்கச் சொல்லுங்கள். முன்தூண் வழியாக வயர் இழுக்கும்போது ஒரு எச்சரிக்கை: உங்கள் வண்டியில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருந்தால் வயர் அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது, பின்னால்தான் போக வேண்டும். பல ஃபிட்டர்கள் அந்தப் பொட்டை டப்பாவிலேயே விட்டுவிடுவார்கள். வேலை மிச்சம். கேட்டால் "உள்ளேயே மைக் இருக்கு சார்" என்பார்கள்.

மாட்டி முடித்ததும் சோதனை: இன்ஜின் ஓட வேண்டும், புளோயர் முழுதாக, உங்கள் பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருக்க வேண்டும், தெருவில் ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்போது வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். மறுமுனையில் "என்னங்க, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றால் மைக்கை இடம் மாற்றும் வரை கடையை விட்டு நகராதீர்கள்.

ஃபிட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம். பத்தொன்பது இருபது வயதுப் பையனாக இருப்பார். பிளாஸ்டிக் நெம்புகோலால் சட்டத்தை நெம்பி, "டக்" என்ற சத்தத்தோடு பழைய ஸ்டீரியோவை வெளியே இழுப்பார். பின்னால் வயர்கள் குடலைப் போலச் சரியும். அடுத்து அவர் கையில் எது இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வண்டி மாடலுக்கு உரிய கப்ளர் இருந்தால் நல்லது. ஒன்றில் ஒன்று சொருகினால் முடிந்தது, கம்பெனி வயரில் ஒரு கீறல் விழாது. கட்டிங் பிளேயர் இருந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு டேஷ்போர்டின் சூட்டில் ஒரு கோடையைத் தாங்கும். இரண்டாவது கோடையில் டேப்பின் பசை உருகி வழியும்.

மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எந்நேரமும் வரும் 12 வோல்ட்டுக்கு. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் இணைப்புக்கு. கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் சாவியை எடுக்கும்போதெல்லாம் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு நாள் காலையும் புதுமணப்பெண்போல முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேட்டரியில் கொடுத்துவிட்டால் செட் தூங்கவே தூங்காது. மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஸ்டீயரிங் பட்டன்களுக்குத் தனி வயர் உண்டு, சில வண்டிகளுக்கு கேன்பஸ் என்ற சிறு பெட்டியும் வேண்டும். அந்தப் பட்டன்கள் வேலை செய்யாவிட்டால் "கை வைக்காமல்" என்பது பாதிதான். இன்னொன்று: திருகும் குமிழ் உள்ள செட் கிடைத்தால் விடாதீர்கள். சத்தத்தைக் குறைக்கக் கண்ணாடியில் தடவிக்கொண்டிருப்பது ஓட்டுகிறவருக்கு ஆகாது. புது கார்களிலேயே ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்ற அடிப்படை வேலைகளுக்கு நிஜப் பட்டன் இல்லையென்றால் முழு மதிப்பெண் தருவதில்லை என்று சொல்லிவிட்டது.

திரையின் அளவு, நிறம், தெளிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நண்பகலில் வெயில் விழும் கோணத்தில் தெரிகிறதா, இரவில் ஹெட்லைட் போட்டதும் தானாக மங்குகிறதா, இரண்டும் போதும்.

ஜிபிஎஸ் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: நெட் இல்லையென்றால் ஜிபிஎஸ் இல்லை என்பது. செயற்கைக்கோள்கள் தரைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும், ஒரு எம்பி டேட்டாகூட வேண்டாம். டேட்டா வேண்டியது வரைபடத்துக்கும் குரலுக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ ஓரிடத்தில் சிக்னல் போனால், முன்னமே ஆஃப்லைன் வரைபடம் இறக்கியவரின் திரையில் சாலை இருக்கும். இறக்காதவரின் திரையில் சாம்பல் நிறக் கட்டத்தின் நடுவே ஒரு நீல அம்பு தனியாக மிதக்கும். செட்டோடு வரும் கறுப்பு நிறச் சதுர ஆன்டெனாவை எங்கே வைத்தார் என்றும் ஃபிட்டரிடம் கேளுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். செட்டின் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தகட்டுக்குள் தூக்கிப் போட்டிருந்தால் உங்கள் கார் நாள் முழுக்கப் பக்கத்துத் தெருவில் ஓடும்.

இதற்கும் மோசமான காலம் இருந்தது. 1981-இல் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் விற்ற எலக்ட்ரோ கைரோகேட்டரில் செயற்கைக்கோளே கிடையாது. கைரோஸ்கோப் வண்டியின் திருப்பங்களைக் கணக்கிடும், ஓட்டுநர் ஒளி ஊடுருவும் படத்தாளை மாற்றி மாற்றிச் சொருக வேண்டும். 1985-இல் கலிபோர்னியாவில் வந்த ஈடாக் வரைபடத்தைக் கேசட்டில் வைத்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒன்றுக்கே மூன்று நான்கு கேசட் ஆகும்; எல்லையைத் தாண்டினால் அடுத்த கேசட். நாம் அப்போது அதே வடிவக் கேசட்டில் இளையராஜா கேட்டுக்கொண்டிருந்தோம். 1990-இல் பயோனியர் ஜப்பானில் வெளியிட்ட ஏவிக்-1 வந்த பிறகுதான் கடையில் வாங்கி மாட்டும் ஜிபிஎஸ் என்பது தொடங்கியது. அமெரிக்கா 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே கலங்கடித்து வைத்திருந்ததால், நூறு மீட்டர் தள்ளிக் காட்டுவது அன்று சாதாரணம்.

இன்று நூறு மீட்டர் பிசகுவதில்லை. ஆனால் பத்து மீட்டர் பிசகினாலே கத்திப்பாராவில் மேம்பாலத்தில் இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாமல் போகும். "மேம்பாலத்தில் ஏறு" என்று முன்கூட்டியே சொல்லும் வசதியையும், கார் நுழையாத சந்துகளைத் தவிர்க்கும் வசதியையும் கூகுள் 2024 ஜூலையில்தான் இந்தியாவில் அறிவித்தது. சந்து தவிர்க்கும் வசதி கிடைத்த முதல் எட்டு நகரங்களில் சென்னையும் கோவையும் உண்டு. நம் நாட்டு மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலியும் மேம்பாலச் சந்திப்புகளைப் படமாகவே காட்டும். இரண்டையும் போனில் வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

எந்தத் திரையும் சொன்னதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் செய்தித்தாள்களே சாட்சி. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், ஊட்டி பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கர்நாடகக் குழு ஒன்றின் எஸ்யுவியைக் குறுக்குவழி என்று சொல்லிக் குடியிருப்புப் பகுதியின் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது மேப்ஸ். போலீஸாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வண்டியை மீட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. வெள்ளத்தில் முன்பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலம் அது. வரைபடத்தில் அது முழுதாகவே இருந்தது. தடுப்பு இல்லை. ராம்கங்கை ஆற்றில் விழுந்த காரில் மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் கொச்சி அருகே மழை இரவில் பெரியாற்றுக்குள் கார் இறங்கியதில் இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள்.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் குறைந்த தூரம் கல்லட்டி வழிதான். 36 கொண்டை ஊசி வளைவு, கடுமையான இறக்கம். விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கத் தடை. செட்டுக்குத் தூரம் தெரியும், சரிவில் பிரேக் சூடேறுவது தெரியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸையும் அது உங்களுக்கு எடுத்துக் கொடுக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டுவதோடு சேர்த்துவிட்டது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2020 அக்டோபர் 1 முதல் அமலான விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் அனுமதி தந்தது. டேஷ்போர்டில் பதித்த திரைக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் ஓட்டுநர் பார்வையில் வீடியோ ஓடினால் கதை வேறு. கைப்பிரேக் போட்டால்தான் வீடியோ ஓடும்படி ஒரு வயர் கொடுத்திருப்பார்கள், "அதை நேரா எர்த்ல கொடுத்துடவா சார்?" என்று ஃபிட்டர் அன்போடு கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கை ஸ்டீயரிங்கில் இருந்தால் போதுமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் ஏஏஏ அமைப்பு நடத்தும் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் குரல் வழி இயங்கும் கார்களைச் சோதித்தார்கள். மோசமான அமைப்புகளில் பேசி முடித்த பிறகும் 27 வினாடி வரை மனம் முழுதாகச் சாலைக்குத் திரும்பவில்லை. நல்லவற்றிலேயே 15 வினாடி வரை ஆனது. மணிக்கு 40 கிலோமீட்டரில் 27 வினாடி என்றால் 300 மீட்டர். தாம்பரம் சாலையில் அந்த 300 மீட்டருக்குள் ஒரு எம்டிசி பேருந்து நின்று, ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து, இரண்டு பேர் தடுப்பைத் தாண்டிக் குதித்திருப்பார்கள். அதனால் போகும் இடத்தை வாசலிலேயே, வண்டி நகரும் முன் சொல்லிவிடுங்கள். நடுவழியில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியாகப் போனால் ஒரு டீக்கடையில் நிறுத்தலாம்.

மாட்டிய முதல் வாரம் தெரியாத ஊருக்குப் போகாதீர்கள். தினமும் போகும் அலுவலகத்துக்கே வழி கேளுங்கள். திருப்பத்துக்கு எத்தனை மீட்டர் முன்னால் சொல்கிறது, மேம்பாலத்தில் தடுமாறுகிறதா, தமிழ்க் குரல் வைத்தால் தெருப்பெயரை எப்படிச் சொல்கிறது என்றெல்லாம் பழகிவிடும். கூகுள் மேப்ஸ் 2018-இல் தமிழில் வழி சொல்லத் தொடங்கியது. தெருப்பெயர்களில் அது செய்யும் கொலைகளுக்கு வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே பழைய காரில் போகும் ஒருவர்

பின்குறிப்பு: பில்லில் செட்டின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். செட்டுக்கு எத்தனை மாத வாரண்டி, மாட்டிய வேலைக்கு எத்தனை மாதம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்டீரியோவையும் அதன் சட்டத்தையும் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். "அது எதுக்கு சார், நானே எடுத்துக்கறேன்" என்பார்கள். வண்டியை விற்கும் நாளில் அதைத் திருப்பி மாட்டிவிட்டு, புதுச் செட்டை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். அடுத்த வண்டிக்குச் சட்டமும் கப்ளரும் மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.